மஞ்சள் மூடியைத் தட்டியவர்கள்

புக்கிட் செந்தோசா
3.11.2025

தனுஜா அப்பாவுக்கு,

பொருள்: வீட்டுக்குத் திரும்புவது பற்றி.

போனை எடுக்க மாட்டேன், எழுதினால் படிப்பேன் என்று உங்கள் அண்ணன் திருச்செல்வத்திடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் பெண்டாட்டியைக் கடிதம் எழுதச் சொல்லும் ஆள் மலேசியாவிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். தபால் தலை எங்கே விற்கிறார்கள் என்று ஃபேக்டரியில் கேட்டேன். என் லைனில் வேலை செய்யும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரவாயில்லை, எழுதுகிறேன்.

தீபாவளிக்கு மறுநாள், ரவாங் ஊரில் கடைக்கு ஓட்டிக்கொண்டிருந்த லோரியின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் இருக்கும் தோட்டத்துக்குப் போனீர்கள். இன்னும் வரவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் நீங்கள் அவுட்ஸ்டேஷன் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காகிதத்துக்காகவா இவ்வளவு? தீபாவளி விருந்துக்கு ஓப்பன் ஹவுஸ் வைத்த அன்று நம் குடும்பத்துக்கு ஆண்டு மதிப்பீடு வாசித்தேன். தனுஜாவுக்கு ‘சிறந்த முன்னேற்றம்’. உங்களுக்கு ‘முன்னேற்றம் தேவை’. அதுவும் நேரம் தவறாமை என்ற ஒரு வரியில்தான். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகும் மட்டன் கறி இறங்கவில்லையே, அதனால். மற்ற வரிகளில் ‘நன்று’ என்று போட்டிருந்தேன். அதை யாரும் படிக்கவில்லை, நீங்களும் படிக்கவில்லை. ஃபேக்டரியில் எனக்கும்தான் வருடா வருடம் போடுகிறார்கள். நான் கோபித்துக்கொண்டு ஓடினேனா?

சமையலறை வெள்ளைப் பலகையில் உங்கள் பெயருக்கு நேரே தனுஜா ‘விடுமுறை’ என்று எழுதியிருக்கிறாள். நான் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் தரவும்.

இப்படிக்கு,
கண்மணி


சுங்கை மெராந்தி தோட்டம்
கோலசிலாங்கூர்
11.11.2025

கண்மணிக்கு,

முகவரியைக்கூட டைப் அடித்து ஒட்டியிருக்கிறாய். ஆபீஸில் தபால் பிரிக்கும் கிராணி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னா சுகுமாறா, கோர்ட்டு நோட்டீசா?” என்று கேட்டார். உள்ளே ‘பொருள்’ என்று போட்டிருந்ததைப் பார்த்திருந்தால் வக்கீலையே பிடித்துக் கொடுத்திருப்பார்.

போன் ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? இங்கே கோயில் முச்சந்தியில் போய் நின்றால்தான் லைன் கிடைக்கும். அது ஒரு காரணம். போனில் பேசினால் நீ மீட்டிங் நடத்துவாய் என்பது இன்னொன்று. இப்போது பார், கடைசி வரைக்கும் நான் பேசுவதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். அண்ணனோடு லயத்து வீட்டில் தங்கியிருக்கிறேன். அண்ணன் சமையலைச் சாப்பிடுவதே பெரிய தண்டனை. நீ தனியாக ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

மட்டன் ஏன் தாமதம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அன்று காலை பாதிக் கறி வேகும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. தீபாவளியன்று எந்தக் கடை திறந்திருக்கும்? நம் தாமானில் தெருத் தெருவாக அலைந்தேன். கடைசியில் ஹாஜா அண்ணன்தான் தன் சாப்பாட்டுக் கடையில் ஓடிக்கொண்டிருந்த கேஸ் சிலிண்டர் தோம்பையே கழற்றிக் கொடுத்தார். “கொண்டு போ தம்பி, நல்ல நாளும் அதுவுமா வந்தவங்கள பட்டினி போடாத” என்றார். அதை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். வேட்டியெல்லாம் கரி. உள்ளே நுழைகிறேன், நீ மைக் இல்லாத குறையாக நின்றுகொண்டு ‘முன்னேற்றம் தேவை’ என்று வாசிக்கிறாய். உன் மேனேஜர் கைதட்டுகிறார். உன் சித்தப்பா மகன் வீடியோ எடுக்கிறான்.

நீ ஆபரேட்டராக இருந்தபோது நடந்ததை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய். உங்கள் ஃபேக்டரியில் ஒவ்வொரு லைனுக்கும் மேலே ஒரு மஞ்சள் பொத்தான் உண்டு. தப்பு ஒன்று கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை அழுத்தி லைனை நிறுத்தலாம், யாரும் திட்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருப்பதைப் பார்த்து நீ அழுத்தினாய். மொத்த லைனும் நின்றுவிட்டது. வேலை போச்சு என்று நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். ஃபேக்டரிப் பெரியவர் ஓடி வந்து, “நன்றி. என்ன பார்த்தாய், காட்டு” என்றார். அன்று சம்பளம் ஏறியதுபோலச் சாத்தே வாங்கிக்கொண்டு வந்தாய். வாய் நிறைய சாத்தேயை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஃபேக்டரியிலிருந்து பலகையை வீட்டுக்குக் கொண்டு வந்தாய். டார்கெட்டைக் கொண்டு வந்தாய். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கைக் கொண்டு வந்தாய். அந்தப் பொத்தானை மட்டும் ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தாய்? நம் வீட்டில் நான் எதை அழுத்துவது? ஒன்றும் இல்லாததால்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

சுகுமாறன்


புக்கிட் செந்தோசா
20.11.2025

தனுஜா அப்பாவுக்கு,

கேஸ் தீர்ந்தது எனக்குத் தெரியாது. நேற்று ஹாஜா அண்ணன் கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். தோம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் என் பக்கத்தையும் சொல்லத்தான் போகிறேன். தலைமைத்துவப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்த அன்று, அதே ஹாஜா அண்ணன் கடையில் உங்கள் கூட்டாளிகள் நடுவில் என்ன சொன்னீர்கள்? “இனிமே என் வீட்டுக்குள்ள நொழையவே பாஸ் எடுக்கணும் லா!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உங்களுக்கு அது தெரியாது.

நான் லயத்தில் பிறந்தவள். அப்பாவை வேலை வாங்கும் மண்டோர் ஏவினார், மண்டோரைக் கிராணி ஏவினார், வீட்டில் எங்களை அப்பா ஏவினார். நீ என்ன நினைக்கிறாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அந்தப் பயிற்சியில்தான் ஒருவர் என்னைப் பார்த்து, நீ வழிநடத்தப் பிறந்தவள் என்றார். அதை வீட்டுக்கு எடுத்து வராமல் வேறு எங்கே கொண்டு போவேன்?

பலகையும் சும்மா மாட்டவில்லை. ஷிப்டு முடிந்து வந்தால் தொட்டி நிறையப் பாத்திரம். சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகுதான் எழுதிப் போட்டேன். எழுதிய பிறகுதான் நீங்கள் கழுவினீர்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பொத்தானைப் பற்றிக் கேட்டீர்கள். வேலையிலும் அதே நினைப்பாக இருக்கிறது. லைனுக்கு மேலே அது மஞ்சளாகத் தெரியும்போதெல்லாம் உங்கள் கடிதம் ஞாபகம் வருகிறது.

கண்மணி


சுங்கை மெராந்தி தோட்டம்
4.12.2025

கண்மணிக்கு,

நீ குழாயைத் திறந்துவிட்டு அழுததைப் படித்த பிறகு, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நடை லோரி ஓட்டினேன். நான் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் அந்தக் கடையில் எல்லாரும் சிரித்தபோது எனக்குக் குளுகுளு என்று இருந்தது நிஜம். உன் வளர்ச்சி எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல வேளை, தபால் என்று ஒன்று இருக்கிறது.

இப்போது இங்கே நடந்ததைக் கேள். நம்பினால் நம்பு.

இந்தத் தோட்டத்தில் குலை ஏற்றும் இடத்தில் தினமும் சண்டை. குலை அன்றைக்கே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மண்டோர் நடராஜா கத்துவார். அவரும் பாவம், மேலேயிருந்தும் இடி, கீழேயிருந்தும் இடி. ஏதாவது கோளாறு தெரிந்தாலும் ஏச்சு விழும் என்று ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. குலை ஏற்றுகிற சலாம் வங்காளதேசத்துப் பையன். அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

எனக்கு உன் பொத்தான் ஞாபகம் வந்தது. மேனேஜரிடம் போய், “தொரை, ஆபத்து கண்ணுல பட்டா யாரு வேணாலும் லோரி ஹார்ன மூணு தடவ அடிக்கலாம். அடிச்சா எல்லாரும் அப்படியே நிக்கணும். அடிச்சவன ஏசக் கூடாது. இப்படி ஒரு சட்டம் போடுங்க” என்றேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரி, ஃபேக்டரியில் சூப்பர்வைசர் என்றேன். சரி, செய்து பார் என்றார். நடராஜா, “ஆளாளுக்கு ஹார்ன் அடிச்சா வேல நடந்த மாதிரிதான்” என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணன் ஓட்டும் லோரி நிறையக் குலையோடு ரிவர்ஸில் வருகிறது. உதிரிப் பழம் பொறுக்குகிற நல்லம்மாளும் இன்னொரு பெண்ணும் வண்டிக்குப் பின்புறம் குனிந்திருக்கிறார்கள். திடீரென்று என் லோரியிலிருந்து ஹார்ன். மூன்று தடவை! பார்த்தால் சலாம் என் சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அமுக்குகிறான். அண்ணன் பிரேக்கை மிதித்தார். எல்லோரும் நின்றோம். சலாம் முகம் வெளிறிப் போய், அண்ணன் லோரியின் பின்கதவுச் சங்கிலியைக் காட்டினான். தேய்ந்து, நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் விலகி ஓடி வந்தார்கள். அண்ணன் இறங்கி நடந்து வருவதற்குள் சங்கிலி அறுந்தது. அத்தனை குலையும் அவர்கள் நின்ற இடத்தில் கொட்டியது.

யாருக்கும் கீறல்கூட இல்லை. நல்லம்மாள் அங்கேயே உட்கார்ந்து மாரியாத்தாவைக் கூப்பிட்டு அழுதார். நடராஜா சலாமிடம் போனார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவன் கையைப் பிடித்து, “தெரிமா காசே தம்பி” என்று மலாயில் நன்றி சொன்னார்.

அந்தப் பொத்தான் உன்னுடையது கண்மணி. நீ அழுத்தியது இங்கே வந்து இரண்டு பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இனிமேல் எந்தக் கடையில் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

சுகுமாறன்


புக்கிட் செந்தோசா
15.12.2025

என்னங்க,

உங்கள் கடிதத்தை ஃபேக்டரியில் டீ நேரத்தில் சத்தமாக வாசித்தேன். பெண்கள் கைதட்டினார்கள். தபால் தலைக்குச் சிரித்த அதே பெண்கள்தான்.

வீட்டிலும் ஒன்று செய்திருக்கிறேன். தீபாவளி முறுக்கு டப்பாவின் மஞ்சள் மூடியைச் சாப்பாட்டு மேசை நடுவில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் அதைக் கரண்டியால் தட்டலாம். தட்டினால் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்த வேண்டும். “நன்றி, என்ன பார்த்தே, சொல்லு” என்று மட்டும்தான் கேட்க வேண்டும். நியாயம் பேசக் கூடாது.

முதல் நாள் தனுஜா மத்தளம் வாசிப்பதுபோல் தட்டினாள். குழம்பில் உப்பு, படிப்பு, தூக்கம், எல்லாவற்றுக்கும் தட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னேன். உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்குத் தெரியும்.

மறுநாள் மெதுவாக, ஒரே ஒரு தடவை தட்டினாள். “எனக்கு அந்த அவார்டு வேணாம்மா. அப்பாவ அப்படி எல்லாருக்கும் முன்னால வாசிச்சீங்க. எனக்குக் கைதட்டுறாங்க, அப்பா வேட்டியெல்லாம் கரியோட நிக்கிறாரு. எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சீங்க?” என்றாள். எனக்கு விளக்கம் சொல்ல நாக்கு துடித்தது. ஃபேக்டரியில் தப்பு நடந்தால் ஆளைத் தேடாதே, காரணத்தைத் தேடு என்று நான்தானே புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்? வீட்டில் நான் ஆளைத்தான் தேடியிருக்கிறேன். நன்றி சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம். குழாயைத் திறந்துவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கை இப்போது தனுஜா நடத்துகிறாள். என்னைவிட நன்றாக நடத்துகிறாள். தொடங்கும்போதே மைலோ கலக்கிக் கொடுத்துவிடுகிறாள்.

கண்மணி


சுங்கை மெராந்தி தோட்டம்
29.12.2025

கண்மணிக்கு,

மூடியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்வதைப் பார்க்க டிக்கெட் போட்டு வரலாம்.

ஒரு செய்தி. நடராஜா வேலையை விட்டு நிற்கிறார். லோரிகளுக்கும் ஏற்றுகிற ஆட்களுக்கும் என்னை மண்டோராக இருக்கச் சொல்கிறார் மேனேஜர். தோட்டத்திலேயே வீடு தருகிறார்கள். வெளுத்த சுவர், பின்னால் முருங்கை மரம். பொங்கலுக்கு முன்னால் பதில் வேண்டுமாம்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், ஆசையாக இருக்கிறது. ரவாங் கடையில் இத்தனை வருடம் நான் வெறும் டிரைவர். வீட்டில் ‘முன்னேற்றம் தேவை’. இங்கே காலையில் போய் நின்றால் சலாம் முதற்கொண்டு எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன், அவர்கள் என்னைக் கேட்கிறார்கள். தலையை நிமிர்த்தி நடக்கிறேன் கண்மணி. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் குனிந்துவிடுவேனோ என்று பயம்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று எத்தனை நாள் நிற்பது? அண்ணன் இருந்துவிடு என்கிறார். நீ என்ன சொல்கிறாய்? சூப்பர்வைசராகச் சொல்லாதே.

சுகுமாறன்


புக்கிட் செந்தோசா
5.1.2026

என்னங்க,

உங்கள் கடிதம் வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தோம். தனுஜா பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கரண்டியை எடுத்து மூடியைத் தட்டினேன். இதுவரை நான் தட்டியதே இல்லை. அவள் பேச்சை நிறுத்திவிட்டுப் பெரிய மனுஷிபோல, “நன்றிம்மா. என்ன பாத்தீங்க, சொல்லுங்க” என்றாள்.

“அப்பா இல்லாம இந்த வீடு ஓடுது. ஆனா நல்லா இல்ல” என்றேன்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. பலகையில் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டிருக்கிறோம். பாத்திரம் கழுவியாகிவிட்டது, பில் கட்டியாகிவிட்டது, யாரும் தாமதமாக வருவதில்லை. அந்தப் பலகையைப் பார்த்தால் எங்கள் மேனேஜர் பாராட்டுவார். ஆனால் உங்கள் நாற்காலியில் துணிதான் மடித்து வைத்திருக்கிறோம்.

மண்டோர் வேலையை எடுங்கள். நான் பயந்து வேண்டாம் என்பேன் என்று நினைத்தீர்களா? என்னை நம்பி ஒருவர் சூப்பர்வைசர் வேலை கொடுத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாதா? கட்டாயம் எடுங்கள். அந்த வீட்டை மட்டும் எடுக்காதீர்கள். தோட்டம் என்ன ஜோகூரிலா இருக்கிறது? காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். காலையில் நாசி லெமாக் கட்டிக் கொடுக்கிறேன். கட்ட முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்வேன், நீங்கள் ஏன் என்று கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் குனிந்துவிடுவேன் என்கிறீர்களே. நிமிர்ந்தே வாருங்கள். நிலைப்படி இடித்தால் நிலைப்படியை உயர்த்துவோம்.

சூப்பர்வைசராகச் சொல்லாதே என்றீர்கள். சொல்லவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும். வாங்க.

உங்கள்
கண்மணி


சுங்கை மெராந்தி தோட்டம்
13.1.2026

என் கண்மணிக்கு,

வேலையை ஏற்றுக்கொண்டேன், வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “சும்மா குடுக்குற வீட்ட யாராவது வேணாம்பாங்களா?” என்றார். எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது தொரை, அங்கே மேசையில் ஒரு மஞ்சள் மூடி இருக்கிறது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் நேரமில்லை. முருங்கை மரத்தில் இரண்டு கட்டு மட்டும் கீரை பறித்துக்கொள்ள அனுமதி வாங்கினேன்.

இன்று மண்டோராக முதல் நாள். குலை ஏற்றும் இடத்தில் போய் நிற்கிறேன், எல்லா லோரியும் ஒரே நேரத்தில் ஹார்ன் அடிக்கிறது. மூன்று மூன்று தடவை. ஓடிப் போய், “என்ன பாத்தீங்க, சொல்லுங்க!” என்று கத்தினேன். சலாம் லோரியிலிருந்து எட்டிப் பார்த்து, “பாஸ்! பாலேக் ருமா!” என்றான். வீட்டுக்குப் போ என்கிறான். அண்ணன்தான் ஏவிவிட்டிருக்கிறார். நல்லம்மாள் குலவையே போட்டுவிட்டார். தோட்டம் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்தால் பார்க்கட்டும்.

இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் கோலசிலாங்கூர் தபால் பெட்டியில் போடுகிறேன். ஆகவே இது எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். நான் இன்று சாயங்காலமே வீட்டில் இருப்பேன். பொங்கல் பால் நான்தான் வைப்பேன், அதற்கு முன்னால் கேஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன். பலகையில் என் பெயருக்கு நேரே இருக்கும் ‘விடுமுறை’யை உங்களைத் தொட விடமாட்டேன். நானே அழிப்பேன்.

கடிதம் வந்ததும் நான் போய்ப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, உங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, என் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கப் போகிறேன். இப்போது நீ கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

நடுவில் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறதா? மூடி உன் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தட்டு கண்மணி. நான் நிறுத்துகிறேன்.

சுகுமாறன்